தாயக் கட்டமும் நால்வர் சிநேகமும்

ஆடித் தபசுச் சமயத்தில் சங்கரன்கோவிலுக்கு வந்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். அந்நாட்களில் எங்கள் ஊரில் வீடு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் சத்திரந்தான். ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த கோமதியம்மனுக்கு இறைவன் சங்கரனும் நாராயணனுமாக ஒரே திருமேனியில் காட்சி தந்த வைபவத்தைக் கண்டுகளிக்க, பல ஊர்களிலிருந்தும் சுற்றத்தார் வந்து சேர்வார்கள். தரிசனம் ஆயிற்று, சாப்பாடும் ஆயிற்று; கூட்டத்தின் இரைச்சலில் தூக்கமோ வருவதில்லை. அப்போது யாராவது ஒருவர் சாக்கட்டியை எடுத்துக் கூடத்துத் தரையில் கோடு கிழிக்கத் தொடங்குவார். தாயம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

சென்ற ஆடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பிள்ளைகள் இப்படித்தான் உட்கார்ந்தார்கள். கால்மணி நேரம் ஆகவில்லை, சண்டை மூண்டுவிட்டது. "ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம்" என்றான் ஒருவன். "தாயம் விழுந்தால்தான் இறக்க வேண்டும்" என்றாள் மற்றொருத்தி. இருவர் வீட்டிலும் வழக்கம் வேறு. கட்டைகள் தரையிலேயே கிடக்க, நால்வரும் நான்கு மூலைகளில் கைப்பேசியும் கையுமாக ஒதுங்கினார்கள்.

பிள்ளைகளுக்கு ஆச்சியான என் தாயார் வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏலே, கட்டையை உருட்டுறதுக்கு முந்தி சட்டத்தைப் பேசிக்கிட வேண்டாமா? உருண்ட பொறவு பேசுனா அது சட்டமா? சண்டைல்லா!"

இதைக் காட்டிலும் சிறந்த உபதேசம் இந்த ஆட்டத்துக்குக் கிடையாது. நேயர்களுக்காக எங்கள் வீட்டுச் சட்டத்தை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டுச் சட்டம் மாறுபட்டால் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டை உருளுமுன் அதை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் கட்டம். பக்கத்துக்கு ஏழாக 49 கட்டங்கள் போடுங்கள். வெளிச்சுற்றில் 24, அதற்குள் 16, அதற்கும் உள்ளே 8, நட்டநடுவில் 1. வெளிச்சுற்றின் நான்கு பக்கங்களிலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி இடுங்கள். அவை நான்கு ஆட்டக்காரர்களின் வீடுகள். அங்கே இருக்கும் காயை எவரும் வெட்ட முடியாது. உட்சுற்றுகளிலும் இப்படிச் சில பத்திரமான கட்டங்களைக் குறிப்பது உண்டு. எவை என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கு நான்கு காய்கள் போதும். புளியங்கொட்டை, உடைந்த வளையல், சோழி, செங்கல் துண்டு எதுவானாலும் சரி, ஒருவருடையது மற்றவருடையதைப்போல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எதிரெதிரே அமர்ந்தவர்கள் ஜோடி. ஜோடியின் காயை வெட்டுவதில்லை.

இனி கட்டை. நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. நான்காவது முகம் வெறுமை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உரசித் தரையில் உருட்டி, மேல்முகத்துப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். மொத்தம் ஒன்றானால் அது தாயம். இரண்டும் வெறுமையானால் பூஜ்யம் அல்ல, பன்னிரண்டு! ஒன்றுமில்லாதவனுக்கே மிகப் பெரிய எண்ணைக் கொடுத்த நம் முன்னோரின் தாராள சிந்தையை என்னவென்பது!

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். தாயம் விழுந்தாலன்றி முதற் காய் இறங்காது. இறங்கிய காய் தன் வீட்டிலிருந்து வலப்புறமாக வெளிச்சுற்றைச் சுற்றி, வீட்டுக்கு முந்திய கட்டத்தை அடைந்ததும் உள்ளே திரும்பும். உட்சுற்றுகளில் எந்தத் திசை என்பது வீட்டுக்கு வீடு மாறும். இதுவும் முன்கூட்டியே பேச வேண்டிய சட்டம். சுற்றுக்குள் சுற்றாகச் சென்று, சரியான எண் விழுந்து நடுக்கட்டத்தில் ஏறினால் காய் பழமாயிற்று. நான்கு காய்களும் முதலில் பழுத்த ஜோடிக்கு ஜயம்.

வழியில் எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் உங்கள் காய் போய்ச் சேர்ந்தால் அது வெட்டு. வெட்டுண்ட காய் வெளியேறி, மறுபடி தாயம் விழும்வரை காத்திருக்க வேண்டும். வெட்டியவருக்கு இன்னொரு முறை உருட்டும் உரிமை உண்டு. ஒரு முறையாவது வெட்டாதவர் உட்சுற்றில் நுழையக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே, "நான் யாரையும் வெட்ட மாட்டேன், என்னையும் யாரும் வெட்டாதிருங்கள்" என்ற சாத்வீகத்துக்கு இங்கே இடமில்லை. நேருக்கு நேர் வெட்டுவதும், வெட்டுண்டபின் சிரிப்பதுமே இதன் ரஸம்.

"எனக்கு மட்டும் தாயமே விழாதே!" என்று அங்கலாய்ப்பவர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று அவருக்கு ஆறுதல் தரும். கட்டைக்கு நான்கு முகம். இரண்டு கட்டைக்கு விழக்கூடிய வகைகள் 16. அவற்றில் தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. கட்டை சமமாக வார்க்கப்பட்டிருந்தால் எட்டு முறைக்கு ஒரு முறைதான் தாயத்தை எதிர்பார்க்கலாம். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயங்கூட விழாமற்போவது, மூவரில் ஒருவருக்கு நேரக்கூடிய சங்கதி. அதில் கிரகக் கோளாறும் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் கண்ணேறும் இல்லை.

இது நம் நாட்டின் பழஞ்சொத்து. சிந்துவெளியில் பகடைகள் கிடைத்திருக்கின்றன. நம் கீழடியில் தந்தத்தாலான பகடைக்காய் கிடைத்திருக்கிறது. தாயத்துக்கு உறவான பச்சீசி ஆட்டத்துக்காக அக்பர் பாதுஷாவின் பத்தேபூர் சிக்ரியில் முற்றத்துக் கல்தளத்திலேயே கட்டம் அமைந்திருக்கிறது. அந்தப் பச்சீசிதான் கப்பலேறி இங்கிலாந்து சென்று, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'லூடோ' என்று நாமகரணம் பெற்று, வர்ண அட்டையில் நம்மிடமே விலைக்குத் திரும்பி வந்தது! நம் பிள்ளைகள் லூடோவை அறிவார்கள். தாயத்தின் சட்டத்தை அறியார்கள். வந்த விருந்தாளியை உபசரிப்போம். ஆனால் வீட்டுப் பெரியவரைத் திண்ணைக்குத் துரத்த வேண்டியதில்லை அல்லவா?

ஆயினும் சட்டங்கள் அனைத்துக்கும் மேலான சட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரி நாட்களில், ஒரு கோடை விடுமுறையில், நண்பர்கள் நால்வர் தினந்தோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடினோம். மூன்று வாரம் ஒரே சிரிப்பு. ஒரு நாள் ஒருவன் விளையாட்டாகப் பத்து ரூபாய்த் தாளைக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தான். அன்றிலிருந்து சிரிப்பு நின்றது. "கட்டை சுவரில் பட்டது, செல்லாது", "காயை ஒரு கட்டம் தள்ளி வைத்தாய்" என்ற பேச்சுகள் பிறந்தன. பத்து ரூபாய் ஐம்பதாயிற்று. ஒரு மாலை எங்களில் ஒருவன் தன் பரீட்சைக் கட்டணம் முழுவதையும் தோற்றுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனான். அந்தத் தொகையில் பாதி என் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் காலை திருப்பிக் கொடுக்கப் போனேன். அவன் வாங்க மறுத்தான். "தோற்ற பணத்தைத் திரும்ப வாங்கினால் அது பிச்சை" என்று சொல்லிவிட்டான். அந்த வருஷம் அவன் பரீட்சை எழுதவில்லை. இன்றும் தபசு நாளில் ரத வீதியில் எதிர்ப்படுவோம். "சௌக்கியந்தானே?" என்பான், "சௌக்கியம்" என்பேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தில் அரசே பணயமாக உருண்டுபோன கதையைப் பாடினார். இரண்டையும் நான் அப்போதே படித்திருந்தேன், பரீட்சைக்காகப் படித்திருந்தேன்! வெட்டுண்ட காய் அடுத்த தாயத்தில் உள்ளே வந்துவிடும். பணத்துக்காக வெட்டுண்ட சிநேகிதன் அப்படி வருவதில்லை. ஆகையால் கட்டத்தின் அருகே காசு வரக் கூடாது. வேர்க்கடலை வரலாம், வெல்லம் வரலாம்.

எங்கள் ஊர்ப் புராணத்தில் சங்கன், பதுமன் என்ற நாகராஜர்கள் இருவர், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாடினார்கள். இருவருக்கும் கிடைத்த விடை, பாதி சிவமும் பாதி திருமாலுமான ஒரே உருவம். தாயக் கட்டத்திலும் நால்வர் நான்கு திசையிலிருந்து புறப்பட்டு, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, கடைசியில் பழுப்பது அதே ஒரு கட்டத்தில்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, உங்கள் வீட்டில் தாயம் ஆடத் தெரிந்த பெரியவரை நடுவில் உட்காரவைத்து, அவர் சொல்லும் சட்டங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கட்டையை உருட்டுங்கள். தாயம் விழட்டும்!