மாத்திரைக்கு முன் விசாரிக்க வேண்டியது

பொழுது சாயும் நேரம்தான் இங்கிலாந்து முதியோர் இல்லங்களில் கஷ்டமான நேரம். டிமென்ஷியா வந்தவர்களுக்கு அப்போது ஒரு பதற்றம் பற்றிக்கொள்ளும். 'வீட்டுக்குப் போகணும்' என்று கதவைப் பிடித்து ஆட்டுவார்கள். உடை மாற்ற வந்தவரின் கையைத் தட்டிவிடுவார்கள். 2000களின் தொடக்கத்தில் இதற்குப் பல இடங்களில் ஒரே பதில்தான்: ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் என்று மனச்சிதைவு நோய்க்காக வந்த மருந்துகள். கொடுத்தால் அடங்கிவிடுவார்கள். கை விறைத்து, நடை தளர்ந்து, தட்டில் இருக்கும் சோற்றைக்கூடப் பார்க்காமல் நாற்காலியில் சாய்ந்து கிடப்பதும் அமைதி என்றே கணக்கானது. இரவு முழுக்க ஓரிருவரே எல்லோரையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பணியாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரையை எழுதிக்கொடுத்தவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்காமல் விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ரிஸ்பெரிடோனும் அதே வகையைச் சேர்ந்த ஓலன்சபினும் டிமென்ஷியா வந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2004இல் பிரிட்டன் எச்சரித்தது. 2009இல் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான் உலுக்கியது. ஆண்டுக்குச் சுமார் 1,80,000 டிமென்ஷியா நோயாளிகளுக்கு இவ்வகை மருந்து தரப்படுகிறது. பலன் பெறுவோர் 36,000 பேர் வரை. அதனால் கூடுதலாக நேரும் சாவு 1,800 என்றார். இங்கிலாந்தில் 2006இல் நோயாளிகளில் 17 சதவீதம் பேருக்கு எழுதப்பட்ட மருந்து 2011இல் 7 சதவீதத்துக்கு இறங்கியது.

இன்றைய வழிகாட்டுதல் முதலில் பதற்றத்தின் காரணத்தைத் தேடச் சொல்கிறது. பல்வலியா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, காதுக் கருவியில் பேட்டரி தீர்ந்ததா? வலியைச் சொல்ல வார்த்தை வராதவர் கையை ஓங்கித்தான் சொல்கிறார். நார்வேயில் 18 இல்லங்களைச் சேர்ந்த 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதில் வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததும் பதற்றம் கண்கூடாகத் தணிந்தது. மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது வெறும் பாராசிட்டமால்!

பிறரை அடித்துக் காயப்படுத்துகிறவருக்கும், இல்லாத உருவங்களைக் கண்டு நடுங்குகிறவருக்கும் மனநோய் மருந்து இன்றும் தேவைப்படலாம். அப்போது குறைந்த அளவில் தொடங்கி, 6 வாரத்துக்கு ஒருமுறையாவது 'இன்னும் வேண்டுமா' என்று பார்க்கிறார்கள். லூயி பாடி வகை டிமென்ஷியாவில் ஹாலோபெரிடால் உயிருக்கே உலைவைக்கலாம் என்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை.

2020இல் கொரோனா வந்தது. பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று இல்லங்கள் கதவடைத்த அந்த மாதங்களில், இங்கிலாந்தில் இம்மருந்துகளை எழுதிக்கொடுப்பது மறுபடி கூடியது.