வன உயிரினச் சட்டம்: தண்டனையின் சுமை யார் தோளில்?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய நடுவண் சட்டம். 2022இல் அது திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் தண்டத் தொகைகள் பன்மடங்கு உயர்ந்துள்ளன. புலித்தோலும் தந்தமும் விற்கும் கும்பல்களை ஒடுக்கக் கடும் தண்டனை தேவையே. ஆனால் காட்டோரத்துப் பழங்குடியினரும் தலித் மக்களும் இச்சட்டத்தை எதிர்கொள்ளும் இடம் வேறு: சோதனைச் சாவடியில், பையில் இருக்கும் ஒரு கிலோ இறைச்சியின் பேரில்.

தண்டனை, விலங்கு எந்த அட்டவணையில் உள்ளது என்பதைப் பொறுத்தது. பொதுவான மீறலுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்திற்கும், சரணாலயத்தில் அல்லது தேசியப் பூங்காவில் வேட்டையாடுவதற்கும் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உணவுக்காக ஒற்றை உடும்பைப் பிடித்தவரும் வணிகத்திற்காக நூறு பிடித்தவரும் இதில் ஒரே பிரிவின்கீழ் வருகின்றனர்.

நீதிமன்றம் செல்லாத வழி ஒன்றும் உண்டு. 54ஆவது பிரிவின்படி, நியாயமான சந்தேகத்திற்கு உள்ளானவரிடம் அதிகாரம் பெற்ற வன அதிகாரி இணக்கக் கட்டணம் பெற்று விடுவிக்கலாம். குறைந்தபட்சச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு இவ்வழி இல்லை. முன்பு இக்கட்டணத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாய். இன்று ஐந்து லட்சம். வசதி படைத்தவருக்கு இது ஒரு ரசீதோடு முடியும் விவகாரம். கூலித் தொழிலாளிக்கோ கடன் அல்லது சிறை என்ற இரண்டே வாய்ப்புகள். குற்றம் நடந்ததா என்பதை எந்த நீதிபதியும் பரிசீலிக்காமலே பணம் கைமாறிவிடுகிறது.

இதைவிடக் கனமானது 57ஆவது பிரிவு. வன உயிரினத்தின் இறைச்சியோ உடற்பகுதியோ ஒருவர் வசம் இருந்தது என நிறுவப்பட்டால், அதைச் சட்டவிரோதமாக வைத்திருந்தார் என்றே கருதப்படும். மாறாக மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. எனவே அந்த இறைச்சி உண்மையில் எந்த விலங்கினுடையது, அது யாரிடம் கைப்பற்றப்பட்டது என்ற கேள்விகளே அவருடைய முதல் அரண்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 2022 செப்டம்பரில் பழங்குடி இளைஞர் ஒருவர் காட்டு விலங்கின் இறைச்சி வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். வழக்கு புனையப்பட்டது எனப் பின்னர் தெரியவந்தது. வனத்துறையினர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்கள்மீது பாய்ந்தது. அதற்குள் அவர் சிறையைப் பார்த்துவிட்டார்.

பொய்வழக்குக்கு எதிரான கருவி நம்மிடம் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது அப்பிரிவுகளைச் சாராத ஒருவர் பொய்யான, தீய நோக்குள்ள வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம்; வன உரிமைகளில் குறுக்கிடுவதும் அவ்வாறே. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இம்மக்கள் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறலாம். இணக்கக் கட்டணத் தாளில் கையொப்பமிடும் முன் அந்த உதவியைக் கோருவது முக்கியம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருட்கள் மீதான உரிமையை ஏற்றது, வேட்டையை ஏற்கவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டமோ நிக்கோபார் பழங்குடியினரின் வேட்டை உரிமையை 65ஆவது பிரிவில் காத்துள்ளது. பசிக்கும் வணிகத்திற்கும் இடையே கோடு கிழிக்க இச்சட்டத்திற்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. ஏனைய பழங்குடியினருக்கு அந்தக் கோட்டைக் கிழிக்க அரசு மறுப்பது ஏன் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.