ஹிஜ்ரத் எனும் பெயரால் ஒரு வஞ்சகம்



2014 ஜூன் மாதம் ஈராக்கின் மோசூல் நகரைக் கைப்பற்றிய ஐ.எஸ். கூட்டம், அம்மாத இறுதியில் தன்னைக் கிலாபத் என்று பிரகடனம் செய்தது. ஹிஜ்ரத் செய்து வருமாறு உலகெங்குமுள்ள முஸ்லிம் இளைஞர்களை அழைத்தது. சிரியாவுக்கும் ஈராக்குக்கும் 40,000க்கும் அதிகமானோர் சென்றனர் என்பது ஐ.நா. சபையின் கணிப்பு. 2016இல் கேரளத்திலிருந்தும் ஏறத்தாழ இருபது பேர் ஆப்கானிஸ்தான் சென்று அதன் கிளையில் சேர்ந்தனர்.

மார்க்கப் பற்று மிகுந்தமையால் சென்றனரோ என்று நீங்கள் கேட்கலாம். அன்று! 2016இல் வெளிப்பட்ட அக்கூட்டத்தின் சேர்க்கைப் படிவங்களில், பெரும்பாலோர் தம் மார்க்க அறிவு ஆரம்ப நிலையினது என்றே குறித்திருந்தனர். 2013இல் பர்மிங்ஹாமிலிருந்து சிரியாவில் போரிடச் சென்ற இளைஞர் இருவர் புறப்படுமுன் வாங்கியவை, இஸ்லாத்தை முதன்முதல் அறிய விழைவோருக்கான எளிய நூல்கள். சிரியா மக்களின் துயர் கண்ட இரக்கம், சொந்த ஊரில் உற்ற அவமதிப்பு, வீரனாகும் ஆசை, நண்பனின் தூண்டுதல் ஆகியவையே பலரை இழுத்தன. அவர்தம் அறியாமையில் ஹிஜ்ரத் என்ற புனிதச் சொல் தூண்டிலாயிற்று.

அச்சொல்லின் பொருள் யாது? குறைஷிகளின் கொடுமை தாளாத ஸஹாபாக்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதியோடு, கி.பி. 615 அளவில் முதலில் ஹிஜ்ரத் செய்தது அபிசீனியாவுக்கு. அந்நாட்டை ஆண்ட நஜ்ஜாஷி மன்னர் அப்போது கிறிஸ்தவர், நீதிமான். அவருடைய ஆட்சியில் அவர்கள் அச்சமின்றி வாழ்ந்தனர். கொடுமையிலிருந்து தப்பிச் செல்வது ஹிஜ்ரத். 2014 ஆகஸ்டில் சின்ஜார் பகுதியில் யஸீதிப் பெண்களைச் சிறைபிடித்து அடிமைகளாய் விற்றவர்களோடு சேர்வது எங்ஙனம் ஹிஜ்ரத்தாகும்? அடுத்த மாதமே நூற்றுக்கும் மேற்பட்ட ஆலிம்கள் பகிரங்கக் கடிதம் எழுதி அக்கூட்டத்தின் வாதங்களை மறுத்தனர்.

ஜிஹாதுக்கு அனுமதி வேண்டி வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் உள்ளனரா என நபிகளார் (ஸல்) வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிபுரிவதிலேயே பாடுபடுமாறு பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. பெற்றோரிடம் சொல்லாமல் புறப்பட்டவர்கள் இதனை அறிந்திருந்தனரா?

2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸ் கிராமத்தோடு அக்கூட்டத்தின் ஆட்சி முடிந்தது. சென்றவருள் பலர் மாண்டனர். அவர்தம் மனைவி மக்கள் முகாம்களில் அடைபட்டனர்.

பெற்றோர்களே! உலக முஸ்லிம்களின் துயர் குறித்து உங்கள் பிள்ளை கேட்கும்போது, அதட்டி வாயடைக்காதீர்கள். அமர்ந்து பேசுங்கள். விடை தெரியாவிடில், கற்றறிந்த ஆலிமிடம் அழைத்துச் செல்லுங்கள். அவனது இரக்கம் நல்லதே; அதற்கு நல்வழி காட்டுவது நம் கடமை. அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.