காதில் விழும் பேச்செல்லாம் செய்தியாகுமா? பாட்காஸ்ட் காலத்தில் நாம்

நோன்பு மாதம் வந்துவிட்டால் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் ரேடியோப் பெட்டியின் குமிழைத் திருகி, இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளைத் தேடிய காலம் ஒன்று இருந்தது. உலகச் செய்தி என்றால் பிபிசி தமிழோசை. இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நேரம் தவறினால் அன்றைய செய்தி போனது போனதுதான். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-இல் நின்றது. அதற்குள் அந்த வீட்டுப் பிள்ளைகளின் காதில் வேறு குரல்கள் குடியேறிவிட்டன.

ரியாத்தில் வண்டி ஓட்டும் தம்பி, தம்மாமுக்குப் போய்ச் சேரும் வரை அரசியல் உரையாடல் ஒன்றைக் கேட்டு முடித்துவிடுகிறார். அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே கணவன் மனைவி உறவு பற்றிய பேச்சைக் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோரம் கண்ணை மூடியிருக்கும் மாணவன் தூங்குகிறான் என்று நினைக்க வேண்டாம்; காஸாவைப் பற்றி யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஜும்ஆ மிம்பரில் வாரத்துக்கு அரைமணி நேரம் பேசும் இமாமைவிட, முன்பின் தெரியாத ஒரு தொகுப்பாளர் நம் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிடுகிறார். அவர் யார், எதற்காகப் பேசுகிறார், அவர் சொல்வதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதெல்லாம் நாம் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்.

எங்கிருந்து வந்தது இது?

பாட்காஸ்டைத் தமிழில் வலையொலி என்றும் சொல்கிறார்கள். வானொலி நிகழ்ச்சி போன்றதுதான், ஆனால் நிலையம் கிடையாது, உரிமம் கிடையாது, நேர அட்டவணையும் கிடையாது. பேசிப் பதிவு செய்த கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டால், அதைப் பின்தொடர்பவர்களின் செல்பேசிக்கு அது தானாகவே வந்து சேரும். இதற்கு அடிப்படையாக இருப்பது ஆர்எஸ்எஸ் என்ற தொழில்நுட்பம். (இந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் யாரும் பதற வேண்டாம். இது அதுவல்ல, புதிய பதிவு வந்திருப்பதை அறிவிக்கும் ஒரு கணினிக் கோப்பு, அவ்வளவுதான்.) டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலாளர் 2000-ஆம் ஆண்டின் இறுதியில், அந்தக் கோப்போடு ஒலிப்பதிவையும் இணைத்து அனுப்பும் வசதியைச் சேர்த்தார்.

2003-இல் அவரும், நியூயார்க் டைம்ஸில் செய்தியாளராக இருந்து பின்னர் பாஸ்டனில் வானொலி நிகழ்ச்சி நடத்திய கிறிஸ்டோபர் லைடனும் சேர்ந்து நேர்காணல்களை இப்படி வெளியிடத் தொடங்கினார்கள். முதல் பாட்காஸ்ட் என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். இராக் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஆக, இந்த ஊடகம் பிறந்ததே நடப்பு அரசியலைப் பற்றிய நீண்ட உரையாடலாகத்தான். ‘பாட்காஸ்ட்’ என்ற சொல் 2004-இல் கார்டியன் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் வந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடம் கொடுத்ததும் உலகம் முழுக்கப் பரவியது. இப்போது பாதிக்குப் பாதி யூடியூபில் படமாகவே வருகிறது. இரண்டு நாற்காலி, இரண்டு மைக், பின்னால் ஒரு புத்தக அலமாரி.

ஏன் இவ்வளவு ஈர்ப்பு?

தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நம் தரப்பு ஆள் வாயைத் திறந்ததும் இடைவேளை வரும். 2020 மார்ச், ஏப்ரலில் தப்லீக் ஜமாஅத்தினரைக் கொரோனா பரப்பிகளாகச் சித்திரித்த நாட்களை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்த மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலியாடுகளாக ஆக்கப்பட்டதாகச் சொன்னதோடு, அச்சு, காட்சி ஊடகங்களில் நடந்த பிரச்சாரத்தையும் கண்டித்தது. தீர்ப்பு வந்தபோது அந்த விவாதங்களை நடத்தியவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒருவரை இரண்டு மணி நேரம் குறுக்கிடாமல் பேசவிடும் ஓர் இடம் கிடைத்தால் இளைஞர்கள் அங்கே போவது இயல்புதான். லண்டனிலிருந்து முஹம்மது ஜலால் நடத்தும் ‘தி திங்கிங் முஸ்லிம்’ போன்ற நிகழ்ச்சிகளில் பேராசிரியர்களும் அரசியல் ஆய்வாளர்களும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார்கள். பத்திரிகையின் நடுப்பக்கக் கட்டுரையைப் படிக்காத பிள்ளைகள்கூட அதைக் கேட்கிறார்கள்.

ஒரு வழக்கின் கதை

பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அத்னான் சையதின் வழக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் வளர்ந்த, பாகிஸ்தான் வம்சாவளி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 1999 ஜனவரியில் அவருடைய முன்னாள் காதலியான ஹே மின் லீ என்ற 18 வயது மாணவி கொல்லப்பட்டார். 17 வயது அத்னான் கைது செய்யப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 30 ஆண்டுகளும் பெற்றார். பிணை விசாரணையின்போது, அவர் பாகிஸ்தானுக்குத் தப்பி ஓடிவிடுவார் என்று அரசுத் தரப்பு அவருடைய இனத்தையே காரணமாகக் காட்டி வாதிட்டது.

குடும்ப நண்பரான வழக்கறிஞர் ராபியா சௌத்ரி பல ஆண்டுகள் அலைந்தார். கடைசியில் சாரா கேனிக் என்ற வானொலிச் செய்தியாளரிடம் கோப்புகளைக் கொடுத்தார். அதிலிருந்து உருவானதுதான் 2014 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய ‘சீரியல்’ என்ற 12 பகுதி பாட்காஸ்ட். கோடிக்கணக்கான முறை அது தரவிறக்கப்பட்டது. சம்பவ நேரத்தில் அத்னானை நூலகத்தில் பார்த்ததாகச் சொன்ன ஒரு மாணவியை அவருடைய வழக்கறிஞர் தொடர்புகொள்ளவே இல்லை என்பதை அப்போதுதான் உலகம் கேட்டது. அடுத்த ஆண்டு ராபியாவும் வேறு இரு வழக்கறிஞர்களும் ‘அன்டிஸ்க்ளோஸ்டு’ என்ற பாட்காஸ்டில் செல்பேசிக் கோபுரப் பதிவுகள் வரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசினார்கள்.

2022 செப்டம்பரில், 23 ஆண்டுகளுக்குப் பிறகு, தீர்ப்பு ரத்தாகி அத்னான் வெளியே வந்தார். இங்கேயே கதையை முடித்துவிடுபவர்கள்தான் நம்மில் அதிகம். ஆனால் அது அங்கே முடியவில்லை. விடுதலை குறித்த விசாரணைக்கு நேரில் வரும் வகையில் உரிய கால அவகாசத்தோடு தமக்குத் தகவல் தரப்படவில்லை என்று ஹே மின் லீயின் சகோதரர் மேல்முறையீடு செய்தார். 2023-இல் தண்டனைத் தீர்ப்பு மீண்டும் உயிர்பெற்றது. 2024 ஆகஸ்டில் மேரிலாந்து உச்சநீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. 2025 மார்ச்சில் ஒரு நீதிபதி, அவர் சிறையில் கழித்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார். அத்னான் இன்று வீட்டில் இருக்கிறார். ஏட்டில் இன்னும் குற்றவாளி.

இந்த வழக்கு எனக்கு இரண்டு விஷயங்களைக் காட்டியது. எல்லோரும் மறந்துவிட்ட ஒரு சிறைவாசியின் கோப்பை மறுபடியும் திறக்க வைக்கும் பலம் இந்த ஊடகத்துக்கு இருக்கிறது. அதே நேரம், உலகமே ஆர்வமாகக் கேட்ட அந்தக் கதைக்குள் மகளை இழந்த ஒரு குடும்பமும் இருந்தது. அவர்களுக்கு அது கதை அல்ல. நீங்கள் அத்னானை நிரபராதி என்று நம்பினாலும் சரி, அந்தக் குடும்பத்தின் இடத்திலிருந்து ஒரு முறை அந்த 12 பகுதிகளையும் நினைத்துப் பாருங்கள்.

சுயமுன்னேற்றம் என்ற சந்தை

அரசியலைவிட அதிகம் பேரை இழுப்பது ‘வாழ்க்கையை மாற்றுங்கள்’ வகைப் பேச்சு. அரபுலகில் இதற்கு நல்ல உதாரணம் சவூதியின் ‘ஃபிஞ்சான்’. காபிக் கோப்பை என்று பொருள். தமானியா என்ற நிறுவனத்துக்காக அப்துர்ரஹ்மான் அபூமாலிஹ் நடத்துகிறார். உறவுகளில் வெற்றி பெறுவது எப்படி என்று யாசிர் அல்ஹுஸைமி பேசிய நீண்ட பகுதி யூடியூபில் 10 கோடி பார்வைகளைத் தாண்டியது. வீட்டில் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் எப்படிப் பேசுவது என்பதற்கு இத்தனை தாகம் இருக்கிறது என்றால், நம் ஊர்களிலும் அந்தத் தாகம் இல்லாமலா இருக்கும்? கல்யாணப் பேச்சில் கைக்கூலியைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

ஆனால் இந்தச் சந்தையில் பணம் எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். பத்திரிகையில் விளம்பரம் தனிக் கட்டத்துக்குள் இருக்கும். பாட்காஸ்டில் தொகுப்பாளரே தன் குரலில், நண்பனிடம் சிபாரிசு செய்வதுபோல் விளம்பரத்தைப் படிப்பார். பல மாதங்களாகக் கேட்டுப் பழகிய குரல் என்பதால் காது அதைப் பிரித்தறியாது. விருந்தினர்களில் பலர் ஏதாவது ஒன்றை விற்பவர்கள்: பயிற்சி வகுப்பு, புத்தகம், பங்குச்சந்தை ஆலோசனை, சத்து மாத்திரை. பேட்டி முடிந்ததும் கீழே இணைப்பு இருக்கும். அந்தப் பேட்டியே விளம்பரமாகவும் இருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார், மச்சான் முறை. பத்து வருட சர்க்கரை நோயாளி. ஒரு பாட்காஸ்ட் விருந்தினர் மாத்திரைகள் எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி என்று ஒன்றரை மணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் கால் புண்ணோடு மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. “அவர் ரொம்ப நம்பிக்கையாப் பேசினாரு மாப்புள” என்றார் என்னிடம். பேசியவர் மருத்துவரே அல்ல என்பதை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. உலகிலேயே அதிகம் பேர் கேட்கும் பாட்காஸ்ட்களில் ஒன்றை நடத்தும் ஜோ ரோகன், கொரோனா தடுப்பூசி பற்றித் தவறான தகவல்களுக்கு இடம் கொடுக்கிறார் என்று 2022 ஜனவரியில் 270 மருத்துவர்களும் அறிவியலாளர்களும் பேராசிரியர்களும் ஸ்பாட்டிஃபை நிறுவனத்துக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பாடகர் நீல் யங் தன் பாடல்களையே அந்தத் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ரோகன் அங்கேயே தொடர்ந்தார். கொரோனா பற்றிய பகுதிகளில் ஓர் அறிவிப்பை மட்டும் சேர்ப்பதாக நிறுவனம் சொன்னது.

கேள்வி கேட்காத பேட்டி

செய்தியாளர் சந்திப்புகளைப் பெரும்பாலும் தவிர்த்துவரும் நம் பிரதமர், 2025 ஜனவரியில் நிகில் காமத்துடனும் மார்ச்சில் லெக்ஸ் ஃபிரிட்மேனுடனும் பாட்காஸ்டில் பேசினார். இரண்டாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. 2002 குஜராத் கலவரம் பற்றியும் பேச்சு வந்தது. அவர் தன் தரப்பை விரிவாகச் சொன்னார். தேதியையும் ஆவணத்தையும் கையில் வைத்துக்கொண்டு மறுகேள்வி போடும் நிருபரின் நாற்காலி அல்ல அது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் குடைந்து குடைந்து கேட்க மாட்டோம் அல்லவா, அந்த மரியாதைதான் பெரும்பாலான பாட்காஸ்ட்களின் மரபு. அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகவே தெரியும், எல்லா நாட்டிலும்.

மறுகேள்வி இல்லாத மூன்று மணி நேரத்தில் ஒருவர் மனிதராக எப்படிப்பட்டவர் என்று ஓரளவு தெரியும். அவர் சொன்னது உண்மையா என்பது அதில் தெரியாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். போதாக்குறைக்கு, அந்த மூன்று மணி நேரத்திலிருந்து நாற்பது நொடியை வெட்டி யாரோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். முழுப் பேச்சில் ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று தொடங்கி அவர் மறுத்திருப்பார். துண்டில் அந்தத் தொடக்கமும் இருக்காது, மறுப்பும் இருக்காது. சாச்சாவும் மாமாவும் அதை வைத்துப் பெருநாள் வரை சண்டை போடுவார்கள்.

ஹதீஸ் கலை வளர்ந்த சமுதாயம் இது. ஒரு செய்தி வந்தால் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஒவ்வொரு கண்ணியையும் பரிசோதித்தவர்கள் நம் முன்னோர். இனிய குரலும் தங்குதடையற்ற பேச்சும் அவர்களிடம் சான்றாக நின்றதில்லை. அந்தப் பழக்கத்தைச் செல்பேசிக்கும் கொண்டுவருவது அப்படியொன்றும் கடினமல்ல. பேசுபவருக்கு அந்தத் துறையில் படிப்போ அனுபவமோ இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் தேடலாம். பொருளாதாரம் தெரிந்தவர் மருத்துவம் பேசினால் அந்த இடத்தில் காதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம். தொகுப்பாளர் ஒரு தடவையாவது ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று உளவு பார்ப்பதைவிட, ஒரு பகுதியை அவர்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பேசுவது பயன் தரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல தமிழில், நம் ஊர்களின் பிரச்சினையைப் பேசும் நிகழ்ச்சிகள் போதவில்லை. வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பியவர்கள், படித்த பெண்களுக்கு மாப்பிள்ளை அமையாதது, பையன்களின் போதைப் பழக்கம் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. பயான்களைப் பதிவேற்றுவது மட்டும் பாட்காஸ்ட் ஆகாது. அதில் ஒருவர்தான் பேசுகிறார். ஒரு செல்பேசி, சட்டையில் மாட்டும் ஒரு சின்ன மைக், மின்விசிறியை அணைத்த ஓர் அறை இருந்தால் தொடங்கிவிடலாம். விஷயம் தெரிந்த ஆளையும் அவரிடம் கேள்வி கேட்கும் துணிவுள்ள ஆளையும் தேடிப் பிடிப்பதுதான் சிரமம்.

மச்சான் இப்போதும் பாட்காஸ்ட் கேட்கிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார். போன வாரம்கூட எனக்கு ஓர் இணைப்பு அனுப்பினார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “நல்லாத்தான் பேசுறாரு, ஆளு யாருன்னு கொஞ்சம் பாரு மாப்புள.”