ஆட்டக்காரர் அட்டைகளின் பெருவிழா

சிகாகோ நகரத்து ஓஹேர் விமான நிலையத்தை அடுத்து ரோஸ்மான்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பிரமாண்டமான மாநாட்டு மண்டபத்தின் முன்னால், கோடைகாலத்தில், புதன்கிழமை தொடங்கி ஞாயிறு முடிய ஐந்து நாட்கள் திரளும் ஜனக்கூட்டத்தைக் காண்பவர், ஏதோ அரசியல் மகாநாடோ சமயப் பிரசங்கமோ நடைபெறுகிறது என்றே எண்ணக்கூடும். உள்ளே சென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காண்பதெல்லாம், இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள, ஒருபுறம் விளையாட்டு வீரரின் உருவமும் மறுபுறம் அவருடைய ஆட்டக் கணக்கும் அச்சிட்ட சின்னஞ்சிறு காகித அட்டைகளே. 1980ல் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாகக் கூடி, பின்னர் கிளீவ்லாந்து, பால்டிமோர், அட்லாண்டிக் சிட்டி என்று ஊர் ஊராக மாறி நடந்துவரும் இந்தத் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாட்டை, அமெரிக்கர்கள் சுருக்கமாக ‘நேஷனல்’ என்கிறார்கள்.

நூற்றுக்கணக்கான வியாபாரிகள் வரிசை வரிசையாக மேசை போட்டு, உயர்ந்த விலையுள்ள கார்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும், மலிவானவற்றை நீண்ட காகிதப் பெட்டிகளில் நெருக்கி அடுக்கியும் வைத்திருப்பார்கள். கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிடுபவர் அங்கே சொற்பம். வாங்க வந்தவர், அதே கார்டு அண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கைப்பேசியில் பார்த்து, பூதக்கண்ணாடியால் நான்கு மூலைகளையும் ஓரங்களையும் ஆராய்ந்து, படம் சட்டத்தின் நடுவே அமைந்திருக்கிறதா என்பதையும் கவனித்த பிறகே வாயைத் திறப்பார். ஞாயிறு பிற்பகலில், சரக்கை மீண்டும் சுமந்துபோக மனமில்லாத வியாபாரி விலையில் இறங்கி வருவார் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். ஒருபுறம் ஓய்வுபெற்ற வீரர்கள் கட்டணச் சீட்டு வாங்கியவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொண்டிருப்பார்கள். மறுபுறம், கார்டின் நிலையைச் சோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கி, உடைக்காமல் திறக்கவொண்ணாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் ஸ்தாபனங்களின் முன்னால் நீண்ட வரிசை நிற்கும். எட்டுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாடு சாமானியக் கண்ணுக்குப் புலப்படாது. விலையிலோ அது பன்மடங்காகிவிடும்.

இந்த அட்டைகள் பிறந்த கதை எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிகரெட் உறை கசங்காமலிருக்கச் செருகப்பட்ட வெறும் அட்டையில், வாடிக்கைக்காரரைக் கவரும் பொருட்டுப் படம் அச்சிட்டார்கள். 1930களில் அந்த உத்தியைப் பபிள்கம் கம்பெனிகள் மேற்கொண்டன. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்ட நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே, அமெரிக்கச் சிறுவர்களும் அவற்றை மாற்றிக்கொண்டார்கள், சுவரில் வீசி ஆடினார்கள், சைக்கிள் சக்கரத்தில் செருகிச் சத்தமெழுப்பினார்கள். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போனதும் தாய்மார்கள் அவற்றைக் குப்பையில் போட்டார்கள். தயாரித்தவர்களுக்கே அவற்றின்மீது மதிப்பில்லை. டாப்ஸ் கம்பெனிக்காக 1952ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கார்டு வரிசையை உருவாக்கிய ஸை பெர்கர், விற்காமல் தங்கிய பெட்டிகளை 1960ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டச் செய்ததாகப் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையைச் சேர்ந்த, பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் கார்டு ஒன்று, 1991ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் 50,000 டாலருக்கு வாங்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

அதற்கும் முந்திய கீர்த்தி, மற்றொரு பேஸ்பால் வீரரான ஹோனஸ் வாக்னரின் கார்டுக்கு உண்டு. 1909க்கும் 1911க்கும் இடையில் ஒரு புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில் அவர் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தம் படத்துக்காகச் சிகரெட் வாங்கக்கூடாது என்று அவர் தடுத்தார் என்பர் சிலர்; தமக்கு உரிய பணம் தரப்படவில்லை என்பதே காரணம் என்பர் வேறு சிலர். மதிப்பெண் வழங்கும் பிஎஸ்ஏ ஸ்தாபனம் 1991ல் தோன்றியபோது முதன்முதலாகச் சோதித்து 8 என்று முத்திரையிட்டது ஒரு வாக்னர் கார்டைத்தான். அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் செப்பனிட்டதாக அதை விற்ற ஏலக்காரர் 2013ல் ஒப்புக்கொண்டார். வியாபாரம் முழுவதும் நம்பிக்கையின்மீது நிற்கிறது என்பதற்கும், அந்த நம்பிக்கைக்குப் பிளாஸ்டிக் உறை மட்டும் காவலாகாது என்பதற்கும் இதைவிட நிதர்சனம் வேண்டியதில்லை.

பழைய கார்டுகள் ஆயிரக்கணக்கில் விலைபோகின்றன என்ற செய்தி பரவியதும், 1980களின் பிற்பகுதியில், பெரியவர்கள் அவற்றை முதலீடாகக் கருதி, உறையைக்கூடப் பிரிக்காமல் பெட்டி பெட்டியாக வாங்கி நிலவறையில் அடுக்கினார்கள்; கம்பெனிகளும் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. ஆதாயத்துக்காகப் பத்திரப்படுத்திய அந்தச் சரக்கில் மிகப் பெரும்பகுதி இன்று அதே கண்காட்சியில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இதற்கு நேர்மாறாக, 2012ல் ஓஹையோ மாநிலத்தில் ஒரு காலஞ்சென்ற பாட்டனாரின் வீட்டு மச்சில், நூறாண்டாக யாரும் தொடாதிருந்த ஓர் அட்டைப்பெட்டியில் ஏறத்தாழ 700 கார்டுகள் புத்தம் புதியனவாய்க் கிடைத்தன. அவற்றில் 37 மட்டும் அவ்வாண்டு பால்டிமோரில் கூடிய நேஷனலில் ஏலத்துக்கு வந்து ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டின. விலை தேடி வைத்தவை விலையிழந்தன. விலையை நினையாமல் விட்டவை செல்வமாயின.

ஆனால் இவ்விரண்டையும்விட உயர்ந்ததொரு சேகரிப்பு உண்டு. அதன் உருவமாக விளங்கியவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்து, கீல்வாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும், ஒருவரும் பொருட்படுத்தாத இந்த அச்சுக் காகிதங்களைச் சேர்த்து, இனம் பிரித்து, பெயரிட்டு அட்டவணையாக்கியவர் அவர். வாக்னரின் வரிசையை இன்று உலகம் ‘டி206’ என்று அழைப்பது அவர் இட்ட எண்ணால்தான். தம் சேகரத்தில் அடங்கிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக் காட்சிச்சாலைக்கு இனாமாக அளித்து, அங்கேயே ஒரு மேசையின் முன்னமர்ந்து, ஆல்பங்களில் ஒட்டும் பணியை ஆண்டுக்கணக்கில் செய்து, 1963 ஜனவரியில் அதை நிறைவேற்றி, இரண்டு மாதங்களில் மறைந்தார். ஒரு காசுகூட ஆதாயம் கருதாத அந்தச் சிரத்தையில்லாவிடில், இன்றைய கோடி டாலர் வியாபாரத்துக்கு அகராதியே இருந்திராது.

ஆகவே நேஷனலுக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றவர், ஏலக்கூடத்தின் தொகைகளைக் கண்டு மலைப்பதோடு நின்றுவிடலாகாது. ஒரு டாலர், ஐம்பது சென்ட் என்று எழுதிய பெட்டிகளின்முன் மண்டியிட்டு, தமக்குப் பிரியமான அணியின் வரிசையில் விடுபட்ட ஒரே ஒரு கார்டைத் தேடும் சிறுவரையும் முதியவரையும் அவர் அவசியம் காண வேண்டும். சாமானிய மக்களின் சந்தோஷங்களுக்கு வம்ச சரித்திரமோ கல்வெட்டோ கிடையாது. இத்தகைய அற்பக் காகிதங்களே அவற்றுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியத்தைக் காப்பவர் முதலீட்டாளர் அல்லர். பர்டிக்கைப் போல், பொருளின் மீதுள்ள பிரியத்தால் அதை அறிந்து, அறிந்ததைப் பிறருக்கும் எழுதி வைப்பவரே. அத்தகையோர் பத்துப் பேராவது ஒவ்வோர் ஆண்டும் அந்த மண்டபத்திலிருந்து உருவாகி வருவார்களானால், அது சந்தை என்பதோடு ஒரு கலாசாலையும் ஆகும்.