பாய்க்கப்பலில் ஓர் ஓய்வு

ஓய்வு என்பது சோம்பலன்று. உழைக்கும் மனிதனுக்கு இறைவன் அளித்த உரிமை. ஏழாம் நாளைப் புனிதப்படுத்திய ஆண்டவர், அந்நாளில் வீட்டுத் தலைவன் மட்டுமன்றிப் பணியாளரும் அந்நியரும் சுமை சுமக்கும் கால்நடையும் இளைப்பாற வேண்டுமெனக் கட்டளையிட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரும் 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தொழிலாளரின் இவ்வுரிமையை வலியுறுத்தினார். ஆயினும், ஓய்வெடுக்கும் முறையை நாம் மறந்து வருகிறோம். அதனை நினைவூட்டும் ஒரு வழக்கம் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாநிலத்தில் நிலவுகிறது.

பாறைகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்த அக்கடற்கரையில் ஒரு காலத்தில் 'ஸ்கூனர்' எனப்படும் பாய்க்கப்பல்கள் மிகுந்திருந்தன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரங்களையும், கப்பலின் நீளவாட்டில் விரியும் பாய்களையும் உடையவை அவை. சிலரே சேர்ந்து செலுத்த முடிந்ததால் மரமும் கருங்கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிச் செல்ல அவை பெரிதும் பயன்பட்டன. இருப்புப்பாதையும் சரக்குந்தும் பெருகியபின் அவற்றிற்கு வேலையில்லாது போயிற்று. பல கப்பல்கள் கழிமுகச் சேற்றில் கிடந்து மக்கின.

1936-ஆம் ஆண்டில், காம்டன் என்னும் துறைமுக ஊரில் பிராங்க் சுவிப்ட் என்பவர், சரக்குக்குப் பதிலாக விடுமுறைப் பயணிகளைப் பாய்க்கப்பலில் ஏற்றிச் செல்லத் தொடங்கினார். அம்முயற்சியே எஞ்சிய கப்பல்களுக்கு மறுவாழ்வு தந்தது. 1871-ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்ட 'லூயிஸ் ஆர். பிரெஞ்ச்', 'ஸ்டீபன் டேபர்' ஆகிய இரண்டும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக மதிக்கப்படுகின்றன.

இப்பயணத்தில் ஆடம்பரம் இல்லை. அறைகள் சிறியவை. பல கப்பல்களில் இயந்திரமே கிடையாது. காற்று ஓய்ந்தால் சிறு விசைப்படகு ஒன்று பின்னின்று தள்ளும். நாளை எத்தீவில் தங்குவோம் என்பதைக் காற்றே முடிவு செய்யும். விரும்பும் பயணிகள் கயிறு பிடித்துப் பாய் ஏற்றுவர். மாலையில் அமைதியான குடாவில் நங்கூரம் பாய்ச்சப்படும்.

பயணிகள் நெஞ்சில் நிலைப்பது உணவே. தளத்தின் கீழேயுள்ள குறுகிய சமையலறையில் விறகடுப்பு எரியும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் சமையற்காரர் அதிலேயே ரொட்டி சுடுவார். மீன் கஞ்சி காய்ச்சுவார். சில கப்பல்களில் உரிமையாளர் குடும்பத்தார் தம் தோட்டத்தில் வளர்த்த கீரையும் தக்காளியும் பச்சிலைகளும் கூடையில் வந்து சேரும். ஒருநாள் தீவின் கரையில் நெருப்பு மூட்டிச் சிங்கி இறாலைக் கடற்பாசியால் மூடி அவித்து, எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்பர். திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டித் தம் சீடருக்குக் காலையுணவு ஆயத்தம் செய்த உயிர்த்த ஆண்டவரை இங்கு நினையாதிருக்க இயலுமோ?

அக்கடற்பகுதிக்கும் தமிழருக்கும் ஓர் அரிய தொடர்பு உண்டு. ஈழத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938-இல் மெயினுக்குத் தெற்கேயுள்ள குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதே குளோஸ்டரில் 1930-இல் மீன்பிடிக்கெனக் கட்டப்பட்ட 'அமெரிக்கன் ஈகிள்' பிற்காலத்தில் மெயினில் பயணிகளை ஏற்றும் கப்பலாயிற்று.

நம்முள் பெரும்பாலோர் அங்குச் செல்லப்போவதில்லை. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். மேலும், நம் கடலோரப் பங்குகளின் மக்களுக்குக் கடல் பிழைப்பேயன்றிப் பொழுதுபோக்கன்று. ஆயினும் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே உண்பவர் அனைவரும், தமக்காக யார் விடியுமுன் எழுந்தார் என்பதைக் கண்ணால் காண்கின்றனர். நம் இல்லங்களிலோ ஞாயிற்றுக்கிழமையே தாய்மாருக்கு மிகுந்த வேலை நாள்! திருப்பலி முடிந்து திரும்பியதும் மற்றவர் இளைப்பாற, அவர்கள் மட்டும் அடுப்படியில் வேகின்றனர். பணியாளருக்கும் ஓய்வு தரப் பணித்த ஆண்டவர், பெற்ற தாயை விலக்கியா வைத்தார்?

வரும் ஞாயிறன்று தந்தையர் காய் நறுக்கட்டும். பிள்ளைகள் நீர் மொள்ளட்டும், பாத்திரம் துலக்கட்டும். கொல்லையில் விளைந்த ஒரு பிடி முருங்கைக்கீரையே போதும். அனைவரும் ஒரே வேளையில் அமர்ந்து, செபித்து, தாய்க்கு முதலில் பரிமாறுங்கள். ஆண்டவர் விரும்பும் ஓய்வு அவ்வில்லத்தில் தங்கும்.