மலைச்சரிவில் கோதுமை அறுப்பது எப்படி?

போத்தனூர்ல இருந்து ஊட்டிக்குப் பைக் எடுக்குற மக்களே, குன்னூர் தாண்டினதும் வர்ற வெல்லிங்டன்ல ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கு, தெரியுமா? சரி, அந்த மாதிரி மலைச்சரிவுல கம்பைன் ஓட்டினா என்ன ஆகும்?

சல்லடையில் தானியம் பள்ளத்துப் பக்கமே குவியும். காற்று மறுபக்கம் புகுந்து போய்விடும். பதரோடு மணியும் வெளியே கொட்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு கீழ்ப்பக்கச் சக்கரத்தைத் தாண்டினால் வண்டியே கவிழும். டிரைவர் உயிர் போகிற விஷயம்.

நம்மூர் நெல் வயலில் ஓடும் செயின் வண்டி போதாதா? போதாது. அது எடையைப் பரப்பிச் சேற்றில் புதையாமல் காக்கும், பிடிமானமும் தரும்; ஆனால் உடம்பை நிமிர்த்தாது. அமெரிக்காவின் பலூஸ் குன்றுகளில் ஓடும் கம்பைன்களில் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் உடலைக் கிடைமட்டமாக வைத்திருக்கும். அறுக்கும் முகப்பு மட்டும் சரிவோடு சாயும்.

நீலகிரியின் குறுகலான படிக்கட்டு வயலில் அந்தப் பெரிய வண்டி திரும்பவே இடமில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறீங்களா? இதோ ஒண்ணு!